ஒரு இளம் பிட்சரை கார்டு வழியாகப் பின்தொடர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் கார்டு (வீரரின் படமும் ஆட்டக் கணக்கும் அச்சிட்ட சிறு அட்டை) சேர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் கேள்விகள் வரும். அமெரிக்காவில் குடியேறிய நண்பர்கள், பள்ளியில் கார்டு மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கிப் போகும் பெரியவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸை எடுத்துக்கொண்டேன். இப்போது ஆடுபவர்களில் கார்டு வழியாகப் பின்தொடர அவரைவிட நல்ல பிட்சர் எனக்குத் தெரிந்து இல்லை.

பேஸ்பாலே எனக்குப் புரியாது. பிட்சர்னா நம்ம பௌலர் மாதிரியா?

ஏறக்குறைய அப்படித்தான். நடுவில் உள்ள சிறு மண்மேட்டில் நின்று பேட்டரை நோக்கிப் பந்தை எறிபவர் பிட்சர். முழங்கையை மடக்கி எறியலாம், பந்து தரையில் குத்தி எழும்பத் தேவையில்லை. பேட்டர் அடிக்கத் தவறும் நல்ல பந்து ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். அதுதான் ஸ்ட்ரைக் அவுட். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். அவர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் எறிவார். அதற்குமேல் கை தாங்காது.

கார்டின் பின்பக்கத்தைப் படிக்க இரண்டு எண்கள் போதும். ஒன்று ஸ்ட்ரைக் அவுட். இன்னொன்று ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு (ஒரு முழு ஆட்டத்துக்கு) சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு. ஃபீல்டர்கள் சொதப்பியதால் வந்த ரன்களை இதில் சேர்க்க மாட்டார்கள். 4 என்றால் சுமார், 3-க்குக் கீழே என்றால் நல்ல பிட்சர், 2-க்குக் கீழே என்றால் தலைமுறைக்குச் சிலர்தான்.

எல்லாரும் பேட்டர் கார்டுதான் விலை போகும்னு சொல்றாங்க. நீங்க ஏன் பிட்சர் பின்னாடி போறீங்க?

அவர்கள் சொல்வது சரிதான். ஒரே தரத்தில் இருக்கும் இரண்டு இளைஞர்களில் பேட்டரின் கார்டுதான் பொதுவாக விலை கூடும். பேட்டர் ஏறக்குறைய தினமும் ஆடுவார், ஹோம் ரன் அடித்தால் அன்றிரவே செய்தி. பிட்சர் வாரத்துக்கு ஒருநாள் தெரிவார், அதிலும் கை எப்போது பழுதாகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த பயம் விலையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பின்தொடர்கிறவனுக்கு இது லாபம்தான். கார்டு மலிவாகக் கிடைக்கும், அவர் எறியும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்துப் பார்க்கலாம். ஒரு பருவத்தின் 162 ஆட்டத்தையும் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? முப்பது ஆட்டம் என்றால் குடும்பஸ்தனுக்கும் கட்டுப்படியாகும்.

சரி, யார் இந்த ஸ்கீன்ஸ்? அவர்கிட்ட என்ன விசேஷம்?

2002-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். முதலில் சேர்ந்தது விமானப்படை அகாடமியில். அங்கே பிட்சராகவும், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சராகவும் ஆடினார். அகாடமியில் மூன்றாம் ஆண்டு தொடங்கிவிட்டால் படைப்பணிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்பதால், இரண்டு ஆண்டு முடிந்ததும் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2023-ல் அங்கே 122 இன்னிங்ஸ் சொச்சத்தில் 209 ஸ்ட்ரைக் அவுட். அணி கல்லூரிக் கோப்பையை வென்றது, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் இவர்தான். அந்த ஆண்டு டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பைரேட்ஸ் அணி இவரை முதல் ஆளாக எடுத்து 92 லட்சம் டாலர் கையெழுத்துப் பணம் கொடுத்தது. அதுவரை டிராஃப்டில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. இரண்டாவதாகப் போன டிலன் க்ரூஸ் இவருடைய கல்லூரித் தோழர். ஒரே கல்லூரியிலிருந்து முதல் இரண்டு பேரும் போனது அதுவே முதல்முறை.

2024 மே 11 அன்று, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் முதல் ஆட்டம். ஆறு நாள் கழித்து சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் ஆறு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூட (பேட்டர் அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்வது) விடாமல் 11 ஸ்ட்ரைக் அவுட். ஜூலையில், நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தைத் தொடங்கினார். அறிமுக ஆண்டிலேயே அந்த இடம் கிடைத்தது, 1995-ல் ஹிடியோ நோமோவுக்கு அப்புறம் இவருக்குத்தான். ஆண்டு முடிவில் ஈ.ஆர்.ஏ. 1.96, நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுக விருது. 2025-ல் 1.97, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, அதுவும் வாக்களித்த எல்லாரும் முதலிடம் கொடுத்து.

முதல் கார்டுன்னா ரூக்கி கார்டுதானே? கடைக்காரர் "ஃபர்ஸ்ட் போமன்" வேற, ரூக்கி வேறன்னு குழப்பறாரே?

குழப்பவில்லை, இரண்டும் வேறு வேறுதான். போமன் என்பது கார்டு அச்சிடும் டாப்ஸ் நிறுவனத்தின் ஒரு தொகுப்புப் பெயர். இன்னும் மேஜர் லீகுக்கு வராத பையன்களை அச்சிடுவதுதான் அதன் முக்கிய வேலை. ஒரு வீரர் அதில் முதல்முறை வரும்போது கார்டில் "ஃபர்ஸ்ட்" என்று ஒரு சின்ன முத்திரை இருக்கும். ஸ்கீன்ஸுக்கு அது 2023 போமன் டிராஃப்ட் தொகுப்பில் வந்தது. அப்போது அவர் மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை.

ரூக்கி கார்டு, அதாவது புதுமுகக் கார்டு என்பது மேஜர் லீகுக்கு வந்தபின் வருவது. 2006 முதல் இதற்கு விதி வைத்து, ஆர்.சி. என்ற முத்திரையை அச்சிடுகிறார்கள். ஸ்கீன்ஸ் மே மாதம் வந்ததால், அந்த ஆண்டின் கடைசிப் பகுதியில் வெளியான டாப்ஸ் அப்டேட், குரோம் அப்டேட் (குரோம் என்றால் பளபளப்பான அட்டை) போன்ற தொகுப்புகளில் அவருக்கு ஆர்.சி. இருக்கிறது. எது "உண்மையான" முதல் கார்டு என்று கடைகளில் சண்டையே நடக்கும். விலை வைத்துப் பார்த்தால் கையெழுத்துள்ள ஃபர்ஸ்ட் போமனுக்குத்தான் சந்தையில் மவுசு. கதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஆர்.சி.தான். நடந்ததைச் சொல்லும் கார்டு அது, போமன் நடக்கப்போவதைச் சொல்லும் கார்டு.

ஒரே போட்டோ, ஒரே கார்டு, ஒண்ணு நீலம், ஒண்ணு தங்கம், விலை மட்டும் நூறு மடங்கு. என்ன கூத்து இது?

அதற்குப் பெயர் பேரலல். ஒரே கார்டை வெவ்வேறு நிற விளிம்போடு, குறைந்த எண்ணிக்கையில் அச்சிடுவார்கள். போமன் குரோம் கையெழுத்துக் கார்டுகளில் வழக்கமான வரிசை இது: சாதா ரிஃப்ராக்டர் 499, ஊதா 250, நீலம் 150, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5. கடைசியில் சூப்பர்ஃப்ராக்டர், உலகத்திலேயே ஒன்று. கார்டின்மேல் 37/50 (ஐம்பதில் 37-வது) என்று சிறு எழுத்தில் அச்சாகியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வானவில் மாதிரி மினுங்குவதுதான் ரிஃப்ராக்டர். 1993-ல் டாப்ஸ் ஃபைனஸ்ட் தொகுப்பில் தொடங்கிய வித்தை.

பின்தொடர்வதற்கு நிறம் தேவையே இல்லை. ஒரு வீரரின் எல்லா நிறத்தையும் சேர்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அது ஒரு தனி நோய், அதற்கு இங்கே மருந்து இல்லை.

அப்ப குறைஞ்ச செலவுல கதை முழுசா வரணும்னா என்னென்ன வாங்கணும்?

கட்டத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிச் சீருடையில் ஒன்று. ஃபர்ஸ்ட் போமனில் சாதா காகிதப் பதிப்பு ஒன்று, கையெழுத்து வேண்டாம். மேஜர் லீகுக்கு முந்தைய படியான சிறு லீகில் இருந்த காலத்துக்கு ஒன்று. சிறு லீக் அணிகள் பல, தங்கள் வீரர்களின் கார்டுத் தொகுப்பை மைதானக் கடையிலேயே விற்கும். ஸ்கீன்ஸ் 2023 கோடையில் பிராடென்டன், அல்டூனா அணிகளுக்கும், 2024 வசந்தத்தில் இண்டியானாபோலிஸ் அணிக்கும் எறிந்தார். இண்டியானாபோலிஸில் 27 இன்னிங்ஸ் சொச்சத்தில் 45 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 0.99. ஒருவருக்கு அங்கே இடமில்லை, மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதை இப்படிப்பட்ட எண்கள் சொல்லிவிடும்.

அப்புறம் அறிமுக ஆட்டத்துக்கு ஒரு டாப்ஸ் நௌ கார்டு. இது 2016-ல் வந்த ஏற்பாடு. நேற்றைய ஆட்டத்தின் படத்தை இன்று கார்டாக்கிச் சில நாட்கள் மட்டும் இணையத்தில் விற்பார்கள். எத்தனை பேர் வாங்கினார்களோ அத்தனைதான் அச்சு, எண்ணிக்கையையும் வெளியிட்டுவிடுவார்கள். அடுத்து ஒரு ஆர்.சி. அதற்குப்பின் ஆண்டுக்கு ஒன்று, டாப்ஸின் முதன்மைத் தொகுப்பிலிருந்து சாதா கார்டு. கையெழுத்தும் நிறமும் வேண்டாம் என்றால் பெரும்பாலானவை சில டாலரில் முடியும்.

முதன்மைத் தொகுப்பை வற்புறுத்துவதற்குக் காரணம் அதன் பின்பக்கம். உயரம், எடை, எந்தக் கை, எந்த ஆண்டு டிராஃப்ட், அதன்கீழ் ஆண்டுவாரியாக எண்கள். ஆண்டு கூடக்கூட வரிசை நீளும், எழுத்து சிறுக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: கார்டு எப்போதும் ஓராண்டு பின்தங்கித்தான் பேசும். 2025 கார்டின் பின்னால் இருப்பது 2024-ன் கணக்கு. சை யங் வென்ற ஆண்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்றால் 2026 கார்டைத்தான் தேட வேண்டும். விருது வாங்கிய ஆண்டின் கார்டு அந்த விருதைப் பற்றி ஒன்றுமே அறியாது.

பாக்கெட் பிரிக்கறதுலதானே சுகம்? ஒத்தையா வாங்கினா என்ன கிக் இருக்கு?

சுகம் பாக்கெட்டில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு வீரரைத் தொடர்கிறவருக்கு அது கட்டாது. முந்நூறு சொச்சம் கார்டு உள்ள தொகுப்பில் உங்கள் ஆள் ஓரிரு கார்டில்தான் இருப்பார். ஒரு பெட்டியின் விலைக்கு அவருடைய நான்கைந்து ஆண்டு கார்டுகளை ஒற்றையாக வாங்கிவிடலாம். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு சின்ன பெட்டி வாங்குங்கள், அவர்கள் பிரிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இணையத்தில் "பிரேக்" என்று நேரலையில் பெட்டி பிரிக்கிறார்களே, உங்கள் அணிக்கு முன்பணம் கட்டினால் அந்த அணியின் கார்டெல்லாம் உங்களுக்கு என்று? என் கருத்தில் அது லாட்டரி. பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

ஒரு சின்னப் பையன் கிறிஸ்துமஸுக்குக் கிடைச்ச பாக்கெட்ல கோடிக்கணக்குல கார்டு எடுத்தான்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், அதுவும் ஸ்கீன்ஸ் கார்டுதான். 2023 முதல் மேஜர் லீகில் அறிமுகமாகும் வீரர்கள் சட்டைக் கையில் ஒரு சிறப்புத் துணிமுத்திரை அணிந்து ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அதைப் பிரித்தெடுத்து, சரிபார்த்து, ஒரே ஒரு கார்டில் பதித்து, வீரரின் கையெழுத்தோடு ஏதோ ஒரு பாக்கெட்டில் போட்டுவிடுவார்கள். ஸ்கீன்ஸின் முத்திரை 2024 டாப்ஸ் குரோம் அப்டேட்டில் இருந்தது.

கார்டு வெளிவரும் முன்பே பைரேட்ஸ் நிர்வாகம் ஒரு பேரம் அறிவித்தது. கண்டெடுத்தவர் கார்டைக் கொடுத்தால், ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம்) பின்னால் இரண்டு இருக்கை 30 ஆண்டுக்கு, அதோடு ஸ்கீன்ஸுடன் சந்திப்பு, கையெழுத்திட்ட சட்டைகள், இன்னும் சில. ஸ்கீன்ஸின் காதலி லிவ்வி டன் தன்னோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியைச் சேர்ந்த 11 வயதுப் பையனுக்கு 2024 கிறிஸ்துமஸ் அன்று அது கிடைத்தது. குடும்பம் ஏலத்துக்கு விட்டது. 2025 மார்ச்சில் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடை நிறுவனம் 11 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு எடுத்தது. அந்த நிறுவனத்தின் தலைமையகமும் பிட்ஸ்பர்க் பக்கம்தான்.

30 வருஷ டிக்கெட்டை விட்டுட்டாங்களே, தப்பில்லையா?

லாஸ் ஏஞ்சலிஸில் இருப்பவருக்குப் பிட்ஸ்பர்க் மைதானத்தில் 30 ஆண்டு இருக்கை எதற்கு? நாட்டின் மறுகோடி அது. இன்னொன்றும் உண்டு. அந்த 30 ஆண்டில் ஸ்கீன்ஸ் எத்தனை ஆண்டு அங்கே ஆடுவார்? பைரேட்ஸ் 2015-க்குப் பிறகு பிளே ஆஃப் பக்கமே போகவில்லை, பெரிய சம்பளம் கொடுத்து நட்சத்திரங்களைத் தக்கவைக்கும் அணியும் அல்ல. விற்றதுதான் சரி. ஆனாலும் அந்தப் பேரத்தை யோசித்தவரைப் பாராட்ட வேண்டும். இருக்கையைக் கொடுக்காமலேயே அணிக்கு நாடு முழுக்க விளம்பரம் கிடைத்துவிட்டது.

பிட்சருக்கு கை போயிட்டா கார்டு குப்பையா?

குப்பையாகாது, ஆனால் விலை அடிபடும். இந்தப் பொழுதுபோக்கின் மையமே இந்தக் கேள்விதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வேகமாக எறியும் பிட்சரின் முழங்கையில் உள்பக்கம் ஒரு தசைநார் இருக்கிறது. அது கிழிந்தால் உடம்பின் வேறொரு இடத்திலிருந்து நரம்புநாரை எடுத்துவைத்துத் தைப்பார்கள். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்த சிகிச்சை, அதற்கு டாமி ஜான் அறுவை என்றே பெயர். மீண்டு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். மீள்பவர்கள் நிறையப் பேர், எல்லாரும் அல்ல.

ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் கதையைக் கேளுங்கள். 2009 டிராஃப்டில் முதல் ஆள். 2010 ஜூன் 8 அன்று முதல் ஆட்டத்தில் 14 ஸ்ட்ரைக் அவுட், எதிரணி இதே பைரேட்ஸ். அந்த நாட்களில் அவருடைய போமன் சூப்பர்ஃப்ராக்டர் இணைய ஏலத்தில் 16,403 டாலருக்குப் போனது, அன்றைக்கு அது தலைப்புச் செய்தி. செப்டம்பரில் டாமி ஜான் அறுவை. மீண்டார். 2019-ல் உலகத் தொடரின் (மேஜர் லீகின் இறுதிப் போட்டி) சிறந்த வீரர் ஆனார். உடனே ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதன்பின் அவர் எறிந்தது மொத்தம் எட்டே ஆட்டம். 2019 கோப்பையோடு நிற்கிற கார்டை வாங்கியவர்களுக்கு, கிட்டத்தட்ட கதையே அங்கே முடிந்துவிட்டது என்று அப்போது தெரியாது.

இதைவிடக் கொடுமை பிரையன் டெய்லர். 1991-ல் நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்து 15.5 லட்சம் டாலர் கொடுத்த பையன். 1992 டாப்ஸ் தொகுப்பிலேயே கார்டு வந்துவிட்டது. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் கிழிந்தது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியாமல் போனார். அந்தக் கார்டை இன்றும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். நான் ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்கீன்ஸ் கார்டுகளுக்கு அடுத்த பக்கத்தில் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன்.

10 ஜெயிச்சு 10 தோத்தவருக்கு விருதா? என் மச்சான் சிரிக்கறான்.

2025-ல் ஸ்கீன்ஸ் கணக்கு அதுதான், 10-10. பேஸ்பாலில் வெற்றி தோல்வி பிட்சர் பெயரில் எழுதப்பட்டாலும், ரன் எடுக்க வேண்டியது சகவீரர்கள். பைரேட்ஸ் பேட்டிங் அந்த ஆண்டு படுமோசம். அவர் ஒரு ரன் கொடுப்பார், அணி ஒரு ரன்கூட எடுக்காது. 187 இன்னிங்ஸ் சொச்சம், 216 ஸ்ட்ரைக் அவுட், முதல் பதிலில் சொன்ன ஈ.ஆர்.ஏ. அளவுகோலில் 1.97. வாக்களித்தவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். பைரேட்ஸ் பிட்சர் ஒருவர் சை யங் வாங்கியது 1990-ல் டக் டிரேபெக்குக்குப் பிறகு இதுதான்.

மச்சானுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: தோற்கிற அணியில் இருப்பதால் கார்டு விலை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இதே ஆள் நியூயார்க்கில் எறிந்தால் சாதா ஆர்.சி.கூட உங்களுக்கும் எனக்கும் எட்டாது.

அணி மாறிட்டா பழைய சட்டை போட்ட கார்டுக்கு மதிப்பு போயிடுமா?

போகாது. இதற்கு நோலன் ரையனைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1968 டாப்ஸ் தொகுப்பின் 177-ஆம் எண் கார்டு, ஓரமெல்லாம் சாக்குத்துணி மாதிரி அச்சு. அதில் நியூயார்க் மெட்ஸ் அணியின் இரண்டு இளைஞர்களின் முகம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒருவர் ஜெர்ரி கூஸ்மன், மற்றவர் ரையன். அப்போது கூஸ்மனும் சமமான நம்பிக்கைதான், இருவருக்கும் சேர்த்து ஒரே கார்டு போதும் என்று நினைத்தார்கள். மெட்ஸ் 1971-ன் முடிவில் ரையனை ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அங்கிருந்து ஆஸ்ட்ரோஸ், அங்கிருந்து ரேஞ்சர்ஸ். 27 பருவம், 5,714 ஸ்ட்ரைக் அவுட், ஏழு நோ ஹிட்டர் (ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்கூட விடாதது). இன்றும் விலை உயர்ந்தது அந்த மெட்ஸ் கார்டுதான், மெட்ஸுக்கு அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றபோதும்.

ரையனின் கடைசி ஆட்டம் 1993 செப்டம்பர், சியாட்டில். வயது 46. முழங்கைத் தசைநார் கிழிந்து நடந்து வெளியே போனார். கை போவது பற்றிய பதிலில் சொன்ன அதே தசைநார்தான்.

எந்த மாசத்துல வாங்கினா விலை குறைவு?

பொதுவாக நவம்பர் முதல் ஜனவரி வரை. ஆட்டம் இல்லாத காலத்தில் எல்லாரும் ஃபுட்பால் கார்டு பக்கம் போய்விடுவார்கள். பிப்ரவரியில் பயிற்சி முகாம் தொடங்கினால் ஏறத் தொடங்கும். ஒரு தொகுப்பு வெளியான முதல் வாரத்தில் வாங்காதீர்கள். எல்லாரும் பெட்டி பிரித்து ஒற்றைக் கார்டுகளைக் கொட்டும்வரை சில வாரம் பொறுங்கள். பிட்சர் நன்றாக எறிந்த இரவில் வாங்கவே கூடாது. இபேயில் "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். விற்கிறவர் கேட்கும் விலைக்கும் வாங்கியவர் கொடுத்த விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பி.எஸ்.ஏ.வுக்கு அனுப்பி மார்க் வாங்கணுமா?

சாதா கார்டுக்கு வேண்டாம். பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் படம் நடுவில் அமைந்த விதம், மூலை, விளிம்பு, மேற்பரப்பு நான்கையும் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். கட்டணம் பல நேரம் கார்டின் விலையைவிட அதிகம். 10 வந்தால் லாபம், 9 வந்தால் பெரும்பாலும் கட்டணம்கூடத் திரும்பாது. அனுப்பும் முன் கார்டை விளக்கின்கீழ் சாய்த்துப் பாருங்கள். குரோம் கார்டுகளில் அச்சு எந்திரமே போட்ட மெல்லிய கோடு இருக்கும், நேராகப் பார்த்தால் தெரியாது. முன்பக்க விளிம்பு இடமும் வலமும் சமமா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். இதிலேயே பாதிக் கார்டுகள் கழிந்துவிடும்.

கையெழுத்து ஒரிஜினலான்னு எப்படித் தெரியும்?

நிறுவனமே வெளியிட்ட கையெழுத்துக் கார்டு என்றால் பின்னால் உத்தரவாத வாசகம் இருக்கும். அதிலும் இரண்டு வகை உண்டு. கார்டின்மேலேயே வீரர் போட்டது ஒன்று. ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியது இன்னொன்று. இரண்டும் அசல்தான், ஸ்டிக்கருக்கு மதிப்பு குறைவு. சில நேரம் பாக்கெட்டில் கார்டுக்குப் பதில் "பிறகு அனுப்புகிறோம்" என்ற சீட்டு வரும், அதில் கடைசித் தேதியைப் பாருங்கள். தனியாள் சாதா கார்டில் பேனாவால் வாங்கிய கையெழுத்து என்று விற்றால், சரிபார்ப்புச் சான்று இல்லாமல் தொடாதீர்கள். எண்ணிட்ட கார்டில் எண் அச்சு மங்கலாக இருந்தாலும், அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்தைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். தேய்ந்த விளிம்பை வெட்டிச் சீராக்குவது பழைய திருட்டு.

சென்னைக்குக் கொண்டுபோனா கார்டு வளையுதே?

குரோம் கார்டு ஈரப்பதம் மாறினால் வளையும். மெல்லிய உறை, அதன்மேல் கெட்டியான டாப்லோடர், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். மேல்மாடி அறையும் சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். ஊரிலிருந்து ஒற்றைக் கார்டாக ஆர்டர் செய்தால் தபால் செலவே கார்டைவிட அதிகமாகும், அமெரிக்காவிலிருந்து வருபவரிடம் சேர்த்துக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

நம்ம இந்திய வம்சத்துல யாராவது பிட்சர் இருக்காங்களா?

குமார் ராக்கர். பெயரிலேயே இருக்கிறது. தாய் வழியில் இந்திய வம்சாவளி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக இருந்தபோது, 2019-ல் டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு நோ ஹிட்டர் எறிந்தவர். 2021-ல் மெட்ஸ் 10-வது ஆளாக எடுத்தது, உடல் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடவில்லை. ஓராண்டு கழித்து டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-ல் டாமி ஜான். 2024 செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் முதல் ஆட்டம், நான்கு இன்னிங்ஸில் 7 ஸ்ட்ரைக் அவுட். ஆர்.சி. முத்திரை 2025 தொகுப்புகளில் வந்தது. அந்த ஆண்டு சரியாகப் போகவில்லை. சந்தை அவரைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டது. கட்டத்துக்கு ஒன்று என்று நான் சொன்ன முறைக்கு ஸ்கீன்ஸைவிட இவர் பொருத்தமானவராகக்கூட இருக்கலாம், ஏனென்றால் இவர் கதையில் அடுத்து என்ன என்று யாராலும் சொல்ல முடியாது, கார்டும் மலிவு.

இதே பைரேட்ஸ் அணி 2008-ல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் இருவரைத் தொலைக்காட்சிப் போட்டி வழியாக ஒப்பந்தம் செய்தது. இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை.

இதை முதலீடுன்னு வீட்ல சொல்லலாமா?

சொல்லாதீர்கள். முதலீடு என்று சொன்னால் ஆறு மாதம் கழித்துக் கணக்குக் கேட்பார்கள். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் ஊரே இப்படி நினைத்துப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டிவைத்தது. நிறுவனங்களும் கணக்கில்லாமல் அச்சடித்தன. அந்தக் கார்டுகள் இன்றும் பிரிக்காத பெட்டியோடு பழைய பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கின்றன. மாதத்துக்கு ஒரு சினிமாச் செலவு என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என் பொண்ணு மூணு மாசத்துக்கு ஒரு பிட்சரை மாத்தறா. என்ன பண்றது?

மாற்றட்டும். பழையவரின் கார்டுகளை விற்காமல் ஒரு உறையில் போட்டு, மேலே பெயரும் மாதமும் எழுதி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அவள் கைவிட்டவரில் ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து ஆல் ஸ்டார் ஆவது நடக்கிற காரியம்தான். கார்டு மேளாவுக்குக் கூட்டிப்போனால் பெரியவர்களோடு அவள் மாற்றிக்கொள்ளும்போது பக்கத்தில் நில்லுங்கள், விலையைப் போனில் பார்த்துவிட்டுக் கைகுலுக்கச் சொல்லுங்கள். ஸ்கீன்ஸை மட்டும் யாருக்காவது கொடுக்கப் போகிறாள் என்றால் முதலில் எனக்கு ஒரு வார்த்தை.